நல்ல மனம் மட்டும் போதாது

ஈசூனில் நோயாளிகளுக்கும் தனித்திருக்கும் முதியோருக்கும் துணையாக வரும் புதிய தொண்டூழியர்களுக்கு, ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி சொல்வது.

தம்பி, தங்கைகளே, சக்கர நாற்காலி தள்ளுவதையும் கைகழுவும் முறையையும் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். ஒரு குடும்பமே உங்கள் முகத்தைப் பார்த்து, "நாங்கள் செய்வது சரிதானே?" என்று கேட்கும் நேரம் வரும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. முடிவைவிட காரணத்தைக் கவனியுங்கள். 1958இல் சிகாகோவில் லாரன்ஸ் கோல்பர்க் என்ற ஆய்வாளர் 10 முதல் 16 வயதுவரையான சிறுவர்களிடம் ஒரு கதையைச் சொன்னார். மனைவி புற்றுநோயில் சாகக் கிடக்கிறாள். மருந்துக்காரர் அடக்கவிலையைப் போல் பத்து மடங்கு கேட்கிறார். கணவனிடம் அவ்வளவு பணமில்லை. அவன் மருந்தைத் திருடலாமா? சிறுவர்கள் திருடலாம் என்றார்களா, கூடாது என்றார்களா என்பதைக் கோல்பர்க் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதைத்தான் பார்த்தார். முதலில் தண்டனைப் பயம், பிறகு மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம், அதற்கப்பால் சட்டம், சிலரிடம் சட்டத்துக்கும் அடிப்படையான நியாயம் என்று மனிதரின் அறச்சிந்தனை படிப்படியாக வளர்வதாக அவர் கண்டார்.

வயது ஏறினால் இந்தப் படிகளும் தாமாக ஏறிவிடும் என்று நினைக்காதீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், அம்மா உள்ளே கிடக்க, ஐம்பது வயதைத் தாண்டிய பிள்ளைகள், "டியூபை எடுத்துவிட்டால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள்?" என்று கேட்பதை நிறையக் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வியில் அம்மாவே இல்லை.

கோல்பர்க்குடன் பணியாற்றிய கரோல் கில்லிகன், அந்த ஆய்வு சிறுமிகளை விட்டுவிட்டு ஆண்பிள்ளைகளை மட்டுமே வைத்து நடந்தது என்பதை 1982இல் வெளிவந்த தம் நூலில் சுட்டிக்காட்டினார். உறவையும் பராமரிப்பையும் முன்வைத்து யோசிப்பது தாழ்ந்த படி அல்ல என்பது அவர் வாதம். என் அனுபவமும் அவர் பக்கம்தான். "இரவில் அம்மா பக்கத்தில் யார் இருப்பது?" என்று கேட்கும் மகளும் அறத்தைப் பற்றித்தான் பேசுகிறாள்.

2. நோயாளியிடம் கேளுங்கள். நம் குடும்பங்களில் அதிகம் தவறுவது இங்கேதான். "அப்பாவிடம் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீங்க, உடைஞ்சு போயிடுவார்" என்று மகன் வந்து கெஞ்சுவார். அது அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் அப்பாவுக்குப் பெரும்பாலும் பாதி தெரிந்திருக்கும். பிள்ளைகள் வருந்துவார்களே என்று அவரும் வாய் திறக்காமல் இருப்பார். ஊரில் இருக்கும் தங்கையைப் பார்ப்பது, வங்கிக் கணக்கை முடிப்பது, யாரோடோ சமாதானமாவது என்று அவர் செய்ய நினைத்த காரியங்களுக்கான நாட்கள் இந்த மௌனத்தில் கரைந்துவிடும். உண்மையை உடைப்பது தொண்டூழியரின் வேலை அல்ல. அது மருத்துவரின் பொறுப்பு. நீங்கள் மகனிடம் ஒன்று கேட்கலாம்: "அப்பா எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேட்டீர்களா, அண்ணே?" பெரியவர் உங்களிடம் நேராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "டாக்டரிடம் கேட்போம் ஐயா, நானும் கூட இருக்கிறேன்" என்று சொல்லி, தாதியிடம் தெரிவியுங்கள்.

3. மொழிபெயர்க்கச் சொன்னால் எதையும் விழுங்காதீர்கள். மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதைப் பாட்டியிடம் தமிழில் சொல்லும்போது, பயமுறுத்தும் பகுதியை விட்டுவிட மனம் இழுக்கும். விட்ட அந்தப் பகுதி தெரியாமலேயே பாட்டி அறுவை சிகிச்சைக்குக் கைநாட்டு வைப்பார். முழுதாகச் சொல்ல முடியாது என்று தோன்றினால், அதை மருத்துவரிடமே சொல்லி விலகிக்கொள்ளுங்கள்.

4. சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரின் மனவளத் திறன் சட்டம் 2008இல் நிறைவேறி 2010இல் நடப்புக்கு வந்தது. முடிவெடுக்கும் திறன் இல்லை என்று நிரூபிக்கப்படும்வரை, ஒருவருக்கு அந்தத் திறன் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்கிறது அது. நமக்கு முட்டாள்தனமாகத் தெரியும் முடிவை எடுத்தார் என்பதற்காகவே அவருக்குத் திறனில்லை என்று சொல்லிவிட முடியாது. டயாலிசிஸ் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லும் தாத்தாவை "குழம்பிப் போயிருக்கார்" என்று ஒதுக்குவது அநியாயம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஒருவர் நினைவிழந்து கிடக்கும்போது, மனைவி அல்லது மூத்த மகன் என்பதாலேயே சிகிச்சையைத் தீர்மானிக்கும் சட்ட உரிமை வந்துவிடாது. மருத்துவர் குடும்பத்துடன் கலந்து பேசி, நோயாளியின் நலனை வைத்து முடிவெடுப்பார். திறனை இழந்தால் தம் சார்பில் முடிவெடுக்க, முன்பே எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரத்தில் ஒருவரை நியமித்திருந்தாலும், உயிர்காக்கும் சிகிச்சையைப் பற்றி அவர் முடிவெடுக்க முடியாது. அதனால்தான் நோயாளி தம் விருப்பத்தை முன்கூட்டியே சொல்லி வைப்பது அவ்வளவு முக்கியம்.

5. பேசாமல் நிற்பவரைப் பாருங்கள். கட்டிலைச் சுற்றிப் பிள்ளைகள் வாதாடும்போது இல்லப் பணிப்பெண் மூலையில் நிற்பார். பாட்டி எப்போது வலியில் முனகுகிறார், எதைச் சாப்பிட மறுக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவருடைய தூக்கமும் ஓய்வுநாளும்கூட அறக்கேள்விகள்தாம். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் பொற்கொல்லன் சொன்னதை மட்டும் கேட்டான். திருட்டுப் பழி சுமத்தப்பட்ட கோவலனைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. அந்தத் தவறு அரண்மனைகளில் மட்டும் நடப்பதில்லை.

6. உறுப்பு தானம் பற்றிய பேச்சை மரணப் படுக்கைக்குத் தள்ளிப் போடாதீர்கள். 1987இல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டம் பின்னர் விரிவாக்கப்பட்டது. 21 வயதை எட்டிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும், விலகுவதாக எழுதிக் கொடுக்காத வரை, அதற்குள் அடங்குவார்கள். இறந்தபின் சிறுநீரகம், கல்லீரல், இருதயம், கருவிழி ஆகியவற்றை எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. இது தெரியாத குடும்பம் அந்த நேரத்தில் துடித்துப் போகும்.

7. தனியாகத் தீர்ப்பு சொல்லாதீர்கள். பெரியவர் உடம்பில் காயத்தையோ, அவர் பணம் காணாமல் போவதையோ கண்டால் அன்றே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். மற்ற சிக்கல்களில், நீங்கள் நினைப்பதற்கான காரணத்தை இன்னொரு தொண்டூழியரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உங்களுக்கு எதிர்க்கருத்து உள்ளவராகப் பார்த்துச் சொல்வது நல்லது. மனதுக்குள் கம்பீரமாக இருந்த காரணம், சொல்லும்போதே நொண்டுவது உங்கள் காதிலேயே விழும்.

8. உங்கள் வீட்டில் தொடங்குங்கள். ஈசூன் குளத்தின் கரையில்தான் கூ டெக் புவாட் மருத்துவமனை இருக்கிறது. ஒரு மாலை அம்மா அப்பாவை அந்தக் குளத்தோரம் நடக்கக் கூட்டிப் போங்கள். பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தங்களுக்காக யார் பேச வேண்டும் என்று கேளுங்கள். சொல்வதை எழுதி வையுங்கள், உடன்பிறந்தவர்களிடமும் காட்டுங்கள். அதைச் செய்துவிட்டு அடுத்தவர் வீட்டுக் கட்டிலருகே வாருங்கள்.