பழைய வயரிங்கும் பழுதுச் செலவும்

கேள்வி: பழைய வீட்டில் ஏ.சி. போட்டால் ஃபியூஸ் போகிறது. எலக்ட்ரீஷியனை அழைத்தால் செலவு எல்லை மீறுமோ?

பதில்: தங்கள் அச்சம் நியாயமானதே, ஆயினும், விளக்குகளுக்கென 1.5 சதுர மி.மீ. வயர் இழுத்த பாதையிலேயே ஏ.சி.யையும் மாட்டிவிட்டு, ஃபியூஸில் தடித்த கம்பியைக் கட்டிச் சிக்கனம் செய்வது அக்கினியை வீட்டுக்குள் வரவேற்பதற்குச் சமானமாகும். அரசுச் சான்று பெற்ற வயர்மேனைக் கொண்டு, ஏ.சி.க்கென 4 சதுர மி.மீ. செப்பு வயரில் தனிப் பாதையும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டித்து உயிர் காக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் அமையுங்கள். செலவு எல்லை மீறாதிருக்க, பழுது தேடுவதற்கு நாட்கூலியும், புதிய வயரிங்குக்கு ஒவ்வோர் இணைப்புக்கும் இவ்வளவு எனப் பாயிண்ட் கணக்கும் பேசுவதே உசிதம். அந்தப் பாயிண்ட் கூலியில் சுவர் வெட்டுவதும் பூசுவதும் அடங்குமா என்பதை முன்னதாகவே எழுதி வாங்காதவர்களே பெரும்பாலும் பிற்பாடு விசனப்படுகிறார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சாமான்களைத் தாங்களே ரசீதுடன் வாங்கிக் கொடுங்கள். எர்த் சோதனையை மட்டும் செலவு கருதி ஒத்திவைக்க வேண்டாம்.