வெள்ளியங்கிரிக்கு வேன் பேசுமுன்: காஞ்சிபுரம் பக்தர்கள் கவனிக்க

தை முடிகிறது. வெள்ளியங்கிரி மலைப்பாதையில் பிப்ரவரி முதல் மே வரை பக்தர்களை விடுவார்கள். பிள்ளையார்பாளையத்திலும் சின்ன காஞ்சிபுரத்திலும் மகா சிவராத்திரிக்கு இப்போதே வேன் பேசுகிறார்கள். பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலை ஏறி, சுமார் 6,000 அடி உயரத்தில் சுயம்பு லிங்கத்தைத் தரிசிக்கும் பயணம். தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் 2024 பருவத்தில் அந்தப் பாதையில் நெஞ்சடைத்தும் மூச்சுத் திணறியும் பலர் இறந்ததை மறக்காதீர்கள்.

இப்போதே செய்ய வேண்டியவை:

• ரத்த அழுத்தம், சர்க்கரை, இசிஜி மூன்றையும் பாருங்கள். அரசு தலைமை மருத்துவமனையில் காசில்லாமல் பார்க்கலாம்.
• தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடங்கள். ஒரு ஞாயிறு சோளிங்கர் போய்ப் பெரிய மலையின் 1,305 படிகளையும் ஏறிப் பாருங்கள். ரோப் கார் வேண்டாம்.
• மூங்கில் தடி, டார்ச், கம்பளி, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். அடிவாரத்தில் வனத்துறை சோதிக்கும்.
• பாதையை விட்டு விலகாதீர்கள். அது யானைக் காடு.
• விடிய விடிய வேனில் வந்த களைப்போடு ஏறாதீர்கள். அடிவாரத்தில் தூங்கி எழுந்து ஏறுங்கள்.

இனிச் சொல்வதை நெசவாளர்கள் இரண்டு முறை படியுங்கள். முகூர்த்தப் புடவைக்காக நாள் முழுக்கத் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். மிதியை மிதிக்கிறோமே, கால் பழகியதுதானே என்கிறீர்கள். கால் பழகியிருக்கலாம், இதயம் பழகவில்லை. முதல் மலையில் வெள்ளை விநாயகர் கோயில் வரைக்கும் படிகள் செங்குத்தானவை. தறியை விட்டு எழுந்து நேராக அங்கே போய் நின்றால், அடைப்பு இருக்கும் இதயம் அந்தப் படிகளிலேயே மக்கர் செய்யும்.

உயரம்தான் ஆளைச் சாய்க்கிறது என்று நினைக்காதீர்கள். பெரு நாட்டில் ஆண்டிஸ் மலைமேல் இருக்கும் கூஸ்கோ நகரம் 11,000 அடிக்கும் மேலே. காற்றில் பிராணவாயு குறைவு என்பதால், போகிறவர்கள் முதல் நாள் ஓய்வெடுத்து, கோக்கா இலைத் தேநீர் குடித்து உடம்பைப் பழக்குவார்கள். பிராணவாயு குறைவதால் வரும் உயர நோய் பெரும்பாலும் 8,000 அடிக்கு மேல்தான் வரும். வெள்ளியங்கிரியில் ஆளைச் சாய்ப்பது ஏற்றமும் அவசரமும்தான்.

நெஞ்சில் கனம், இடது கையிலோ தாடையிலோ வலி, காரணமில்லாத வியர்வை, உட்கார்ந்தும் அடங்காத மூச்சு: இதில் ஒன்று வந்தாலும் ஏறுவதை நிறுத்துங்கள். வாயுப் பிடிப்பு என்று சோடா தேடாதீர்கள். "இன்னும் ஒரு மலைதான்" என்று யாரும் தைரியம் சொல்லாதீர்கள். அந்த வார்த்தை ஆளைக் கொல்லும். 108 வண்டி அடிவாரம் வரைதான் வரும். அதற்கு மேலே இருப்பவரை டோலி கட்டி, நாலு பேர் தோளில் தூக்கித்தான் இறக்க வேண்டும். அதற்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

விரதம் என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்குக் கண்டிப்பாகவே சொல்கிறோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீடு தேடி மாத்திரை வருகிறது. அதை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டு மலையேறுவது பக்தி ஆகாது. ரத்த அழுத்த மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெறும் வயிற்றில் ஏறாதீர்கள். விரதத்தில் மாத்திரை அளவை எப்படி மாற்றுவது என்று மருத்துவரைக் கேளுங்கள். சட்டைப்பையில் வெல்லம் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு நம்மூர் குடலை இட்லியே போதும். மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைத்த வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதம். சட்னி இல்லாமலே இறங்கும். நெய்யும் உளுந்தும் கனம் என்பதால் ஏறுமுன் ஒரு துண்டு போதும், மிச்சத்தை இறங்கி வந்து சாப்பிடுங்கள். தேங்காய்ச் சட்னி கட்டாதீர்கள், வழியிலேயே ஊசிப்போகும். மீந்ததைக் காட்டில் வீசாதீர்கள்.

குழுவை அழைத்துப் போகிறவர்களே, முன்பணம் வாங்கும்போதே இசிஜி சீட்டைக் கேளுங்கள். மருத்துவர் வேண்டாம் என்றவர் அடிவாரக் கோயிலில் ஈசனைக் கும்பிடட்டும். மலைமேல் நெஞ்சு கனத்தால் இறங்குங்கள். நெஞ்சு கனத்தால் அந்த நிமிஷமே இறங்குங்கள்.