ஓடத் தெரிந்தவன் எல்லாம் ஆடுவானா?

கிரிக்கெட் வீரர் ஏபி டிவில்லியர்ஸ் பற்றிய அந்தப் புலனச் செய்தி இந்த வருடமும் வந்துவிட்டது. தென்னாப்பிரிக்க இளையோர் ஹாக்கிக்குத் தேர்வானவராம், காற்பந்துக்கும் தேர்வானவராம், இளையோர் ரக்பி அணித் தலைவராம், நீச்சலில் ஆறு சாதனையாம், நூறு மீட்டர் ஓட்டத்தில் சாதனையாம், பூப்பந்தில் 19 வயதுக்குட்பட்டோர் வெற்றியாளராம். போதாக்குறைக்கு அறிவியல் ஆய்வுக்காக நெல்சன் மண்டேலா கையால் பதக்கம் வேறு. நம் பேராக் மாநிலத்துக் கமுந்திங்கில் பள்ளி விளையாட்டுப் போட்டி நெருங்கினால் போதும், ஏதாவது ஒரு பெற்றோர் குழுவில் இது முளைத்துவிடும். அதன் கீழே யாராவது ஓர் அப்பா எழுதியிருப்பார்: “பிறவி விளையாட்டாளன் எதுக்கு மாறினாலும் ஜெயிப்பான். சரிதானே சார்?”

அந்த சார் நான்தான். பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் என்பதால் என்னிடம் ஒப்புதல் கேட்கிறார்கள். சரியில்லை ஐயா.

டிவில்லியர்ஸே 2016இல் வந்த தன் சுயசரிதையில் இந்தப் பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டார். ஹாக்கி ஆடியது உயர்நிலைப் பள்ளியில் ஒரே ஒரு வருடம். காற்பந்து முறையாக ஆடியதே இல்லை. பூப்பந்தில் ஓர் ஆட்டம்கூட இல்லை. நீச்சல் சாதனை என்று இருந்தது தொடக்கப்பள்ளியில் ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவில். டென்னிஸும் கோல்ஃபும் சிறுவயதில் நன்றாக ஆடினார். அது மட்டும் மெய். சம்பந்தப்பட்டவரே மறுத்து இத்தனை வருடம் ஆகிறது, நம் ஆட்கள் விடுவதாக இல்லை.

வெறும் பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இதை நம்பிப் பிள்ளைகளை இழுத்தடிக்கிறார்கள் என்பதுதான் எரிச்சல். படிவம் ஒன்றில் நூறு மீட்டரில் முதலாவதாக வந்த ஒரு பையனைக் காற்பந்துக்குக் கொண்டுபோனார்கள். இவ்வளவு வேகம் இருக்கிறதே, ஓரத்தில் நிறுத்தினால் கோல் மழைதான் என்று கணக்கு. ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். பந்து வந்தது. அவன் வலது பாதத்தில் பட்டு மூன்று மீட்டர் தள்ளி ஓடியது. குனிந்து பந்தைத் தேடினான். நிமிர்வதற்குள் எதிரணியின் குட்டைப் பையன் ஒருவன், அவசரமே இல்லாமல் வந்து, பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கரையிலிருந்து “ஓடுடா, ஓடுடா” என்று கத்தல். ஓடலாம்தான், பந்து எங்கே? அந்த வருடம் ஓட்டப் பயிற்சிக்கும் அவன் வரவில்லை.

உலகமே வியந்தவர்களுக்கும் இதே கதிதான். மைக்கேல் ஜோர்டான் கூடைப்பந்தை விட்டுவிட்டு 1994இல் பேஸ்பால் ஆடப் போனார். பர்மிங்ஹாம் பேரன்ஸ் என்ற இரண்டாம் நிலை அணிக்கு 127 ஆட்டங்கள். 436 முறை மட்டையைப் பிடித்து நின்றதில் ஒழுங்காக அடித்தது 88. பந்தைத் தொட முடியாமலும் கணிக்க முடியாமலும் வெளியேறியது 114. அதே ஆண்டில் அவர் ஓடித் திருடிய தளங்களின் எண்ணிக்கை 30, அது நல்ல கணக்கு. இந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். கால் கூடவே வந்தது. கண் வரவில்லை.

கண் என்று நான் சொல்வது பார்வைக் கூர்மையை அல்ல. பேஸ்பாலில் எறிபவருக்கும் அடிப்பவருக்கும் நடுவே சுமார் 18 மீட்டர்தான். பந்து வந்து சேர அரை விநாடிகூட ஆகாது. பார்த்துவிட்டு அடிப்பதற்கு நேரம் கிடையாது. எறிபவரின் தோளும் மணிக்கட்டும் திரும்புவதைப் படித்து, பந்து கையை விட்டுக் கிளம்பும்போதே முடிவெடுத்தாக வேண்டும். பூப்பந்து ஆடுகிற எந்தப் பிள்ளையையும் கேளுங்கள், எதிராளியின் மணிக்கட்டைப் பார்த்துத்தான் காலை எடுத்து வைக்கிறேன் என்று சொல்லும். இந்தப் படிப்பு பல ஆயிரம் பந்துகளில் வருவது. ஒரு விளையாட்டில் படித்தது இன்னொன்றில் அநேகமாகச் செல்லாது. ஜோர்டானுக்கு அப்போது வயது 31. எதிரே எறிந்தவர்கள் சிறுவயதிலிருந்து எறிந்துகொண்டிருந்தவர்கள்.

உசைன் போல்ட்டையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அடுத்த வாரம் அவர் பெயரில் ஒரு கேள்வி வரும். நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடியவர். 2018 ஆகஸ்ட்டில் ஆஸ்திரேலியாவின் சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸ் காற்பந்துக் குழுவில் பயிற்சிக்குச் சேர்ந்தார். நட்புமுறை ஆட்டம் ஒன்றில் இரண்டு கோல் போட்டார். ஒப்பந்தம் படியாமல் நவம்பரில் கிளம்பிவிட்டார். முழங்காலை உயர்த்தி நேர்கோட்டில் பாய்வதற்கென்றே செதுக்கிய உடம்பு அது. காற்பந்தில் நேர்கோடு எங்கே இருக்கிறது?

மாறி ஜெயித்தவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். எதிலிருந்து எதற்கு மாறினார்கள் என்று பார்க்க வேண்டும். பிரிட்டனின் ரெபெக்கா ரொமேரோ 2004 ஏதென்ஸில் படகோட்டத்தில் வெள்ளி வாங்கினார். 2008 பெய்ஜிங்கில் சைக்கிளோட்டத்தில் தங்கம். ஹெலன் குளோவர் உயரமானவர்களைத் தேடிய ஒரு திட்டத்தின் வழியாக 2008இல் படகோட்டத்துக்கு வந்து, 2012 லண்டனில் தங்கம் வென்றார். ஹெப்டத்லான் எனும் எழுபோட்டித் தடகள வீராங்கனையாக இருந்த லிஸி யார்னல்ட், குப்புறப் படுத்துப் பனிப்பாதையில் பாயும் ஸ்கெலிட்டனுக்கு மாறி 2014இலும் 2018இலும் தங்கம் எடுத்தார். படகிலும் சைக்கிளிலும் வேண்டியது நெஞ்சும் தொடையும் வலி பொறுக்கும் மனமும். பனிப்பலகைக்குத் தொடக்கத்தில் வெடிப்பான ஓட்டம் வேண்டும். பிறந்ததிலிருந்து ஸ்கெலிட்டன் ஆடுகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர்? போட்டியாளர் குறைந்த இடத்தில், இயந்திரம் பெரிதாக இருப்பவர் தாமதமாக வந்தும் ஜெயிக்கலாம். கோடிப் பேர் மூன்று வயதிலிருந்து ஆடும் காற்பந்தில் அது நடக்காது.

நம்மவர் ஒருவர் இருந்தார், எம். ஜே. கோபாலன். செங்கல்பட்டுப் பக்கம் மொறப்பாக்கத்தில் பிறந்து சென்னைத் திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட். அதே ஆண்டு நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவரும் அவரே. 1935இல் தியான் சந்தோடு ஹாக்கி அணியில் நியூசிலாந்து பயணம். பெரியவர்கள் இவரைக் காட்டித்தான் “பார்த்தீங்களா?” என்பார்கள். பார்த்தேன். அவர் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறியவர் அல்ல. இளமையிலேயே இரண்டும் கைக்கு வந்தவர். இரண்டிலுமே வேகமாக வரும் சின்னப் பந்து, கையில் ஒரு கட்டை.

1936இல் பெர்லின் ஒலிம்பிக்ஸ் ஒரு பக்கம், இங்கிலாந்து கிரிக்கெட் பயணம் மறுபக்கம். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். அந்தப் பயணத்தில் அவருக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. ஹாக்கி அணியோ ஆகஸ்ட் 15 அன்று ஜெர்மனியை 8-1 என்று சாத்திவிட்டுத் தங்கத்தோடு திரும்பியது. வாழ்நாளெல்லாம் அவர் ஆடிய டெஸ்ட் அந்தக் கல்கத்தா ஆட்டம் ஒன்றுதான். அப்பேர்ப்பட்ட திறமைக்கும் உச்சியில் நாள்காட்டி ஒன்றுதான் இருந்தது.

ஆஷ் பார்ட்டி? டென்னிஸிலிருந்து விலகி, 2015-16இல் பிரிஸ்பேன் ஹீட் அணிக்குக் கிரிக்கெட் ஆடினார். சரி. பிறகு எங்கே போய் மூன்று கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்றார்? மறுபடி டென்னிஸில்தான்.

சில்லறைக் கதைகளையும் முடித்துவிடுவோம். முப்பதைத் தாண்டினால் மாறிப்போன விளையாட்டில் ஒன்றும் கிடைக்காது என்பார்கள். கனடாவின் கிளாரா ஹியூஸ் 1996இல் சைக்கிளில் இரண்டு வெண்கலம் வாங்கிவிட்டு, 2006இல் 33 வயதில் பனிச்சறுக்கு ஓட்டத்தில் தங்கம் வாங்கினார். சிலம்பம் தெரிந்தால் வாள்வீச்சு தானாக வரும் என்பது இன்னொன்று. சிலம்ப ஆசான்கள் கோபித்தாலும் பரவாயில்லை, வராது. சென்னையின் பவானி தேவி 2004இல் பள்ளியில் வாளைத் தொட்டு, ஒலிம்பிக்ஸ் மேடையேறியது 2021இல்.

நம் மாநிலத்து ஆளையே எடுத்துக்கொள்ளுங்களேன். கோலகங்சாரில் பிறந்த டாக்டர் எம். ஜெகதீசன் 1960, 1964, 1968 என்று மூன்று ஒலிம்பிக்ஸ் ஓடினார். மருத்துவமும் படித்தார். ஓட்டத்தை விட்டு நகரவில்லை. மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடியது 2017 வரை தேசியச் சாதனையாக நின்றது. அவர் காற்பந்துக்குப் போயிருந்தால் எப்படி இருந்திருப்பார் என்று ஒட்டுக்கடையில் உட்கார்ந்து பேசலாம். போகாமல் இருந்ததால் என்ன கிடைத்தது என்பது பதிவில் இருக்கிறது.

ஆகவே மாற வைக்க வேண்டுமென்றால் பன்னிரண்டு வயதுக்கு முன்னால் மாற்றுங்கள். அதாவது எல்லாவற்றையும் ஆட விடுங்கள். 2011இல் கல்வி அமைச்சு ‘ஒரு மாணவர், ஒரு விளையாட்டு’ என்று கொண்டுவந்தது, ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது ஒன்றிலாவது ஈடுபடட்டும் என்று. நம் பெற்றோர் அதை ‘ஒன்றே ஒன்று’ என்று படித்துக்கொண்டார்கள். உடற்கல்வி நேரம் இன்னும் பாவம். தைப்பிங் மழை நம் ஊரையும் விடாது. தூறல் விழுந்தால் போதும், அந்த நேரம் கணிதத்துக்குப் போய்விடும். முன்பு யூ.பி.எஸ்.ஆர். என்று சாக்கு சொன்னார்கள். அந்தத் தேர்வையே 2021இல் ரத்து செய்தாகிவிட்டது, இப்போது என்ன சாக்கு? மழை பெய்தால் மண்டபத்தில் கயிறு தாண்டலாம், சுவரில் பந்தடித்துப் பிடிக்கலாம். தலைமையாசிரியர்களே, உங்கள் விளையாட்டுச் சாமான் அறையில் ஹாக்கி மட்டைகள் உறை பிரிக்காமல் கிடக்கின்றன. சாவி யாரிடம் இருக்கிறது என்று திங்கட்கிழமை கேளுங்கள்.