கருவியோடு மனிதரையும் காண்க

நமது சங்கங்களில் புதிய கருவி ஒன்று வாங்குமுன் அதன் விலையையும் திறனையும் பலவாறு ஆராய்கிறோம். அது வந்தபின், அதனைச் சுற்றி மனிதர் எவ்வாறு வேலை செய்கின்றனர் என்பதை ஆராய்வோர் மிகச் சிலரே. எதிர்பார்த்த பலன் கிட்டாவிடில், 'வேலை செய்வோருக்குத் திறமை போதாது' என்று முடிவு கட்டிவிடுகிறோம். அம்முடிவு சரிதானா?

ஒரு மக்கட் கூட்டத்தாரிடையே தங்கி, அவர்தம் வாழ்வை உடனிருந்து கண்டு எழுதும் முறையை இனவரைவியல் என்பர். அருகிலிருந்து காணும் அப்பார்வை தொழிற்கூடத்திற்கும் பொருந்தும். இதற்கு அகமதாபாத்தில் நிகழ்ந்த ஆய்வொன்று நல்ல சான்றாகும்.

அங்குக் காலிகோ ஆலை நிர்வாகத்தின் நெசவுக்கூடம் ஒன்றில் 1952ஆம் ஆண்டில் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டன. ஆயினும் உற்பத்தி எதிர்பார்த்தவாறு பெருகவில்லை. 1953இல் இலண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்பார் அக்கூடத்தில் நடப்பவற்றைக் கவனித்தார். 224 தறிகளுக்கு 29 பேர். அவர்களுக்குள் 12 வகை வேலைகள். நெசவாளர் ஒவ்வொருவர் பொறுப்பிலும் ஏறத்தாழ 30 தறிகள்; ஊடைத் தார் நிரப்புவோருக்கு ஏறத்தாழ 50; அறுந்த பாவு இழைகளைப் பிணைப்போருக்கு 75. ஆகவே, ஒரு நெசவாளரின் தறிகளுக்கு இன்று ஒருவர் தார் நிரப்ப, அடுத்த தறிக்கு மற்றொருவர் நிரப்புவார். யார் யாருக்குத் துணை என்பது ஒருவருக்கும் தெளிவாக இல்லை. குறை தறியிலும் இல்லை, தொழிலாளரிடமும் இல்லை. வேலையைப் பங்கிட்ட முறையிலேயே இருந்தது.

64 தறிகளுக்கு 7 பேர் கொண்ட ஒரு குழு என்னும் யோசனை எழுந்ததும், தொழிலாளர்கள் தாமே குழுக்களை அமைத்துக்கொண்டனர். தொடக்கத்தில் தடங்கல்கள் நேர்ந்தன. பின்னர் உற்பத்தி உயர்ந்தது. பழுதுபட்ட துணி குறைந்தது. 1970இல் எரிக் மில்லர் என்பார் அங்கு மீண்டும் சென்று ஆராய்ந்தார். ஒரு கூடத்தில் குழுமுறை நிலைத்திருந்தது. பிற கூடங்களில் தேய்ந்துவிட்டிருந்தது. எனவே, ஒருமுறை கண்டதோடு அமைதல் ஆகாது.

நாம் இம்முறையைக் கையாள்வது எவ்வாறு?

1. கொள்முதல் நிலையத்தின் மின்னணுத் தராசாயினும், அலுவலகக் கணினியாயினும், அதனருகே சில நாட்கள் அமர்ந்து காண்க. கூட்டம் மிகுந்த நாளும் மின்சாரம் தடைப்பட்ட வேளையும் அவற்றுள் அடங்குக.

2. 'ஏன் இப்படிச் செய்தீர்?' என்று அதட்டாமல், 'இதைச் செய்யும் வகையை எனக்குக் காட்டுங்கள்' என்று கேட்க.

3. விதியில் உள்ளதையும் நடைமுறையில் உள்ளதையும் தனித்தனியே எழுதுக. கணினியில் பதிந்த பின்னும் எழுத்தர் பழைய பேரேட்டையும் எழுதுவாராயின், அதற்குரிய காரணத்தை அறிக.

4. எழுதியதை அவரிடமே படித்துக் காட்டித் திருத்துக.

ஒன்றை மறவற்க. காண்பதற்கு முன் அவரது இசைவைப் பெறுதல் வேண்டும். கண்டதைத் தண்டனைக்குப் பயன்படுத்தல் கூடாது. அச்சம் புகுந்த இடத்தில் விதிப்புத்தகம் மட்டுமே நடித்துக் காட்டப்படும்; உண்மை மறைந்துவிடும்.

அடுத்த கருவிக்குப் பணம் ஒதுக்குமுன், முன்பு வாங்கிய கருவியின் அருகே ஒரு வாரம் அமர்ந்து பார்ப்போம். அங்கத்தினர்களின் பணத்திற்கும் உழைப்பிற்கும் நாம் செய்யத்தக்க மரியாதை அதுவேயாகும்.