அட்டை வளர்ப்பும் தண்ணீர்த் தொட்டி நம்பிக்கையும்

குளத்தில் பிடிபடுகிற உயிர்தானே, தொட்டியில் நல்ல தண்ணீரை ஊற்றி வேளைக்கு இரத்தம் காட்டினால் தானாகப் பெருகிவிடும் என்பது மருத்துவ அட்டையைப் பற்றிய பழைய ஊகம். அட்டையை உயிரோடு வைத்திருக்க ஏறக்குறைய அது போதும். பண்டைய மருத்துவர் சுஸ்ருதர் காலத்திலேயே அதற்கு முறை இருந்தது: மூன்று நாளுக்கொருமுறை நீரை மாற்று, ஏழு நாளுக்கொருமுறை பானையை மாற்று. ஆனால் வைத்திருப்பது வேறு, பெருக்குவது வேறு. ஐரோப்பிய மருத்துவ அட்டையான ஹிருடோவும் சரி, நம் குளங்களில் உள்ள கால்நடை அட்டையும் சரி, முட்டையிட நீரைவிட்டு வெளியேறுகின்றன. கரையோர ஈரமண்ணைக் குடைந்து உள்ளே போகின்றன. உடலின் முன்பாதியில் உள்ள கிளைடெல்லம் என்ற சுரப்பிப் பட்டை நுரையைச் சுரக்கிறது. அது இறுகிப் பஞ்சு போன்ற முட்டைக்கூடாகிறது. அதற்குள் உள்ள சத்துநீரைக் குடித்துத்தான் கருக்கள் வளர்கின்றன. கூட்டுக்குக் காற்றும் ஈரமும் ஒருங்கே வேண்டும். காய்ந்தாலும் கெடும், மூழ்கிக் கிடந்தாலும் கெடும். மெத்தையில் தூக்கி வைத்தாலும் அட்டை செத்தையைத்தான் தேடும் என்று பழிப்பாகச் சொல்கிறோம். பாவம், முட்டையிடும் காலத்தில் அதற்குச் செத்தைதான் சரியான இடம்.

மண்ணே இல்லாத தொட்டியிலும் அட்டை கூடு இட்டதே என்று கேட்கலாம். இடும். இடம் கிடைக்காவிட்டால் நீரிலேயே நழுவவிடும். அப்படி விழுந்தவற்றில் குஞ்சு பொரிப்பது அரிது. தனியாக வைத்த ஒற்றை அட்டை கூடு கட்டியதும் அதிசயமல்ல. ஒவ்வோர் அட்டையும் ஆணும் பெண்ணுமாக இருந்தாலும் இன்னோர் அட்டையோடு இணைந்து விந்தைப் பரிமாறிக்கொள்வதே அதன் வழக்கம். முன்பே பெற்ற விந்தைச் சேமித்து வைத்துப் பிறகு பயன்படுத்தும். எனவே ஜோடி தேவையில்லை என்ற முடிவுக்கு அந்தக் கூடு சான்றாகாது. பண்ணைக்காரர்கள் இதையெல்லாம் அறிந்தவர்கள். இரத்தம் குடித்துத் தேறிய அட்டைகளை ஈரமான பாசிமக்கு (பீட்) நிரப்பிய ஜாடிகளுக்கு மாற்றிவிடுகிறார்கள்.

இரத்தத்தைக் கூட்டினால் குஞ்சும் கூடும் என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. எடை கூடிய தாய் அதிகக் கூடுகள் இடுகிறது. இயற்கையில் பருவமடைய இரண்டாண்டுக்கு மேல் எடுக்கும் ஹிருடோ, ஒழுங்காக ஊட்டப்பட்டால் அதைவிட விரைவில் தயாராகிறது. ஆயினும் ஒரே வேளையில் தன் எடையின் பல மடங்கு குடித்து, அதை மாதக்கணக்கில் செரிக்கும் உயிர் இது. இடைவெளியின்றி ஊட்டினால் பெருகுவதற்குப் பதில் சாகிறது. வெப்பமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது: ஐரோப்பாவில் கோடையில்தான் கூடுகள் இடப்படுகின்றன, குளிர்ந்த மண்ணில் கரு மெதுவாக வளரும். இப்படி மெதுவாகப் பெருகும் உயிரைத்தான் மருத்துவத்துக்காக அள்ளினார்கள்: 1833இல் பிரான்ஸ் மட்டும் 4 கோடிக்கும் மேல் அட்டைகளை இறக்குமதி செய்தது. மேற்கு ஐரோப்பாவில் அவை அருகியதற்கு வரம்பின்றிப் பிடித்தது ஒரு காரணம். சதுப்புநிலங்களை வடித்து, ஈரக்கரையையும் குஞ்சுகளின் முதல் இரையான தவளைகளையும் சேர்த்தே இழந்தது இன்னொன்று.

கூடு, குஞ்சு எண்ணிக்கைகள் பண்ணைக்குப் பண்ணை முரண்படுகின்றனவே என்ற ஆட்சேபம் நியாயமானது. ஒரு காரணம் இனக்குழப்பம். ஹிருடோ மெடிசினாலிஸ் என்று விற்கப்பட்ட அட்டைகள் உண்மையில் ஹிருடோ வெர்பானா என்ற வேறோர் இனம் என்று 2007இல் மரபணு ஆய்வு காட்டியது. எந்த இனம் என்று தெரியாமல் எழுதிய பழைய பண்ணைக் குறிப்புகளை அப்படியே நம் வெப்பமண்டலக் கால்நடை அட்டைக்குப் பொருத்துவது இன்னும் ஒரு படி தூரம்.