கப்பலில் வந்த வீடு

கேள்வி: மெல்போர்னில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது ‘லா ட்ரோப் காட்டேஜ்’ என்ற சின்ன மர வீட்டைப் பார்த்தோம். விக்டோரியா மாநிலத்தின் முதல் துணை ஆளுநர் வாழ்ந்த வீடாம். இரண்டு முறை இடம் மாற்றியிருக்கிறார்கள் என்றார்கள். அப்புறம் எப்படி ஐயா அதைப் பழைய வீடு என்பது?
– வாசகர், மதுரை

பதில்: இடம் மாறியதற்காக அந்த வீட்டைத் தள்ளிவிடாதீர்கள். பயணம் செய்வதற்கென்றே செய்த வீடு அது. லண்டனில் மேனிங் என்ற தச்சர், குடியேறப் போகிறவர்களுக்காகக் கழற்றிப் பூட்டும் மர வீடுகளைச் செய்து விற்றார். காடி வெட்டிய கம்பங்கள், அவற்றுக்கு நடுவே செருகும் பலகைச் சுவர்கள், இறுக்கத் திருகாணிகள். போய் இறங்கிய இடத்தில் எதையும் அறுக்க வேண்டியதில்லை. சார்லஸ் லா ட்ரோப் 1839இல் மனைவி சோஃபியோடும் சிறு மகள் ஆக்னஸோடும் கப்பலேறியபோது இப்படி ஒரு வீட்டையும் ஏற்றிக்கொண்டார். மெல்போர்ன் உருவாகி அப்போது நான்கு வருடம்தான். தச்சர் கிடைப்பதே அங்கே அரிது.

1840இல் அவர் ஏலத்தில் எடுத்த 12½ ஏக்கருக்கு ஜோலிமான்ட் என்று பெயர்; வீடு நின்றது அங்கேதான். ஏலத்தில் எதிர்த்து யாரும் கேட்கவில்லை. ஏக்கர் 20 பவுண்டு என்ற அரசின் ஆரம்ப விலைக்கே முடிந்துவிட்டது. ஊரின் தலைமை அதிகாரிக்கு எதிராக யார் கை தூக்குவார்கள்? அந்த மண்ணோ அப்பகுதியின் பழங்குடிகளான குலின் மக்களுடையது. ஏலம் விட்ட அரசு அதை அவர்களிடம் விலைக்கு வாங்கியதே இல்லை. வீட்டின் கதையில் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பேன்.

உங்கள் சந்தேகம் எழ வேண்டிய இடம் வேறு. இன்று நிற்பது முழுவதும் அசல் அல்ல. கப்பலில் வந்த பகுதியில் கொஞ்சம்தான் மிச்சம். பெரும்பாலும் அசலாக இருப்பது உணவறை. வேடிக்கை என்னவென்றால், அது லண்டன் சரக்கே அல்ல, பிறகு மெல்போர்னிலேயே கட்டிச் சேர்த்தது. மற்றவற்றை, லா ட்ரோபின் உறவினரான ஓவியர் எட்வர்ட் லா ட்ரோப் பேட்மன் அந்தக் காலத்திலேயே வரைந்துவைத்த படங்களைப் பார்த்து 1960களில், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் திரும்பக் கட்டியது. அப்போது டிரஸ்ட் அதை ஜோலிமான்டிலிருந்து பெயர்த்தெடுக்காமல் விட்டிருந்தால் இடித்தே போட்டிருப்பார்கள். இரண்டாம் முறையாக 1998இல் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. பெயர்த்ததில் போனது சுவர் அல்ல, சூழல்தான்: லா ட்ரோப் ஆசையாக வளர்த்த தோட்டத்தை எந்த வண்டியிலும் ஏற்ற முடியாது.

வீட்டில் வாழ்ந்தவர்களும் அங்கே நிலைக்கவில்லை. சோஃபி 1854 ஜனவரியில் சுவிட்சர்லாந்தில் இறந்தார். அதே ஆண்டு மே மாதம் லா ட்ரோபும் ஊரைவிட்டுப் போனார், திரும்பவேயில்லை.

அடுத்த முறை போனால் உணவறையில் அதிக நேரம் நில்லுங்கள். எந்தப் பலகை பழையது என்று அங்குள்ள வழிகாட்டிகளிடம் தயங்காமல் கேளுங்கள்.