முதுமையும் கண்ணிமையும்

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் உட்துறைமுகத்தில் நங்கூரமிட்டிருக்கும் கப்பல்கள் தெரியும். அவற்றை எண்ணிச் சொல்வது உம்மம்மாவின் வழக்கம். சென்ற வருடம் அந்த வழக்கம் நின்றுபோயிற்று. குர்ஆன் ஓதும்போது புருவங்களை ஏற்றி, நாடியை உயர்த்திப் பார்ப்பார். அஸருக்குப் பின் தலையிடி என்று படுத்துவிடுவார். "வயசு போனா எல்லாருக்கும் இப்படித்தான் மகள்" என்பார். நாங்களும் கண்புரை என்றே எண்ணி, பல மாதங்களை வீணாக்கினோம்.

உயர்தரத்தில் உயிரியல் கற்கும் நான், அதன்பின் இமைகளைப் பற்றித் தேடி வாசித்தேன். நம் உடலில் மிக மெல்லிய தோல் இமையின் தோலே. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. வயது ஏற ஏற, தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜன், எலாஸ்டின் ஆகிய நார்ப்புரதங்கள் குறைகின்றன. தோல் தளர்ந்து இமைமயிர்களின் மேல் மடிந்து தொங்குகிறது. வெயிலின் புறஊதாக் கதிர்கள் இதனை விரைவுபடுத்தும். கடலுக்குச் செல்லும் நம் மீனவர்களின் கண்ணோரச் சுருக்கங்களே இதற்குச் சான்று.

கண்ணைச் சூழ்ந்த கொழுப்பைத் தாங்கும் சவ்வு நலிந்தால் கீழிமையில் பைபோன்ற வீக்கம் தோன்றும். மேலிமையை உயர்த்தும் தசையின் நாண் நெகிழ்ந்தால் இமையே கீழிறங்கும். கீழிமை தளர்ந்து வெளியே புரண்டால் கண்ணீர் வழியும், கண் வறண்டு சிவக்கும். உள்ளே புரண்டால் மயிர்கள் விழிவெண்படலத்தில் உராய்ந்து புண்ணாக்கும்.

வைத்தியர் உம்மம்மாவின் பார்வைப் புலத்தைச் சோதித்தார். பின்பு இமைகளைப் பிளாஸ்டரால் தூக்கி ஒட்டி மீண்டும் சோதித்தார். முன்பு தெரியாத மேற்பக்கத்து ஒளிப்புள்ளிகள் இப்போது தெரிந்தன. மறைத்தது தொங்கிய தோல்தான். நாள் முழுதும் புருவத்தைத் தூக்கியதே தலையிடியின் காரணம்.

சிகிச்சை குறையைப் பொறுத்தது. மிகுதியான தோலை இமைமடிப்பின் வழியே அகற்றித் தைப்பர். நாண் நெகிழ்ந்திருந்தால் அதனை இறுக்குவர். புரண்ட கீழிமையைக் கடைக்கண் பக்கமாக இழுத்துத் தைப்பர். பெரும்பாலும் அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்தால் போதும். தோலை அளவுக்கு மீறி அகற்றினால் கண்ணை மூட முடியாது போகும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகள் எடுப்போர் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் கூற வேண்டும்.

"அல்லாஹ் படைச்சத வெட்டலாமா?" என்று உம்மம்மா தயங்கினார். நோய்க்கு மருத்துவம் செய்வது வேறு, அழகுக்காக மட்டும் மாற்றுவது வேறு என மௌலவி விளக்கினார். 1013ஆம் ஆண்டளவில் காலமான குர்துபா நகர வைத்தியர் அல்-ஸஹ்ராவி, 30 பாகங்கள் கொண்ட தமது 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பாகத்தில் இமைச் சத்திரசிகிச்சையை விபரித்துள்ளார் என்று நானும் சொன்னேன். உம்மம்மா சம்மதித்தார்.

ஓர் எச்சரிக்கை: இமை திடீரென விழுந்தாலோ, அத்துடன் கடும் தலையிடியோ, பொருட்கள் இரண்டாகத் தெரிதலோ, கண்மணிகள் அளவில் வேறுபடுதலோ இருந்தாலோ அது முதுமையல்ல. மூளையோடு தொடர்புடைய ஆபத்தாக இருக்கலாம். உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

தையல் வெட்டிச் சில நாட்களின் பின், உம்மம்மா வாசலில் நின்று நான்கு கப்பல்களை எண்ணினார். சகோதரிகளே, கண்ணை இமை காப்பதுபோல் நம்மைக் காத்தவர்கள் அவர்கள். "வயசுதானே" என்று அவர்களே சொன்னாலும், நாம் அதோடு விட்டுவிடக் கூடாது.